அட்மினுக்கு மட்டும் தெரியும் ஒரு வரி

வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் தளத்தை இணையக் கடையாக்கும் வூகாமர்ஸில் கடை நடத்துபவர்கள் கேட்கும் மாற்றங்களில், சின்னதாகத் தொடங்கிப் பெரிதாக வளர்வது ஒன்று உண்டு. "பொருளோட பக்கத்தைத் திறந்தா, இது எத்தனை வித்திருக்குன்னு எனக்கு மட்டும் தெரியணும். வாங்க வர்றவங்க கண்ணுல படக்கூடாது." கோரிக்கை இவ்வளவுதான். நிரலாக எழுதினால் பத்து வரி தாண்டாது. இணையத்தில் தேடினால் அந்தப் பத்து வரியும் கிடைக்கும், ஒட்டினால் வேலையும் செய்யும். கேள்விகள் அதற்குப் பிறகுதான் கிளம்பும். இந்த எண்ணும் அறிக்கையில் இருக்கும் எண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை? திரும்பி வந்ததையும் சேர்த்தா காட்டுகிறது? பேக்கிங் பார்ப்பவருக்கும் இது ஏன் தெரிகிறது?

இந்த மாதிரி வேலைகள் என்னிடம் அடிக்கடி வருவதால் எனக்கென்று ஒரு கட்சி உருவாகிவிட்டது. எண்ணைத் திரையில் காட்டுவது கடைசி வேலை. எந்த எண்ணை, யாருக்கு, எந்த இடத்தில் காட்டுவது என்று முடிவு செய்வதில்தான் நேரம் போகிறது, போகவும் வேண்டும்.

முதலில் ஒரு நியாயமான சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். வூகாமர்ஸிலேயே அனலிட்டிக்ஸ் என்று ஒரு முழுப் பகுதி இருக்கிறது. 2020 மார்ச்சில் வெளிவந்த 4.0 பதிப்பிலிருந்து அது உள்ளேயே வருகிறது. பொருள்வாரியாக, வகைவாரியாக, கூப்பன்வாரியாக எல்லாம் பார்க்கலாம். அப்புறம் எதற்குத் தனியாக நிரல் எழுத வேண்டும்?

அனலிட்டிக்ஸ் தேடிப் போய்ப் பார்க்க வேண்டிய இடம். கடைக்காரர் முடிவெடுப்பது அங்கே இல்லை. விலையைக் குறைக்கலாமா என்ற யோசனை அந்தப் பொருளின் பக்கத்தைப் பார்க்கும்போது வருகிறது. படத்தை மாற்றலாமா என்பது எடிட் திரையில் வருகிறது. அடுத்த முறை எதை எவ்வளவு வாங்கிப் போடுவது என்பது பொருட்பட்டியலை மேலும் கீழும் உருட்டும்போது வருகிறது. அந்த நேரத்தில் இன்னொரு பக்கத்தைத் திறந்து, தேதி வரம்பைத் தேர்ந்து, பொருளைத் தேடி எடுத்துப் பார்ப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஞாபகத்தில் இருப்பதை வைத்து முடிவெடுத்துவிடுவார்கள். ஞாபகமோ கடைசியாக வந்த ஓரிரு ஆர்டர்களைத்தான் பிடித்து வைத்திருக்கும். அதனால் எண்ணை முடிவெடுக்கும் இடத்துக்கே கொண்டுவரும் இந்த வேலை வீண் அலங்காரம் இல்லை என்று நம்புகிறேன்.

சரி, நிரலுக்கு வருவோம்.

வூகாமர்ஸ் 2011இல் ஜிகோஷாப் என்ற பிளகினின் (தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்) நிரலிலிருந்து கிளை பிரிந்து வூதீம்ஸ் நிறுவனத்தில் உருவானது. 2015இல் ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனம் அதை வாங்கியது. இந்த வரலாற்றில் நமக்கு உதவும் விஷயம் ஒன்றுதான்: அது வேர்ட்பிரஸின் மேல் உட்கார்ந்திருக்கும் பிளகின் என்பதால், வேர்ட்பிரஸின் ஹூக் முறையை அப்படியே பின்பற்றுகிறது. பக்கம் உருவாகும்போது குறிப்பிட்ட இடங்களில் நின்று, "இங்கே யாராவது ஏதாவது சேர்க்க வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டே போகும். நம் ஃபங்ஷனை அந்த இடத்தில் பதிந்து வைத்தால் போதும். மூல நிரலில் கை வைக்கத் தேவையில்லை.

பொருள் பக்கத்தில் அப்படி ஒரு இடம் 'சிங்கிள் புராடக்ட் சம்மரி' என்ற ஹூக். தலைப்பு, நட்சத்திர மதிப்பீடு, விலை, சுருக்கக் குறிப்பு, கார்ட்டில் சேர்க்கும் பட்டன் எல்லாமே இந்த ஒரே ஹூக்கில் வரிசை எண் வாங்கிக்கொண்டு நிற்கின்றன. தலைப்புக்கு 5, மதிப்பீட்டுக்கும் விலைக்கும் 10, சுருக்கத்துக்கு 20, பட்டனுக்கு 30, வகை, குறிச்சொல் போன்ற விவரங்களுக்கு 40, பகிர்வுக்கு 50. நம் வரிக்கு 11 கொடுத்தால் விலைக்குக் கீழே, சுருக்கத்துக்கு மேலே போய் உட்காரும். ஃபங்ஷனுக்குள் செய்ய வேண்டியது, திறந்திருக்கும் பொருளை எடுத்து, அதனிடம் 'கெட் டோட்டல் சேல்ஸ்' என்று கேட்டு, வருவதை அச்சிடுவது. கடைப் பக்கத்தில் வரிசையாகத் தெரியும் பொருட்களுக்குக் கீழேயும் வேண்டுமென்றால் 'ஆஃப்டர் ஷாப் லூப் ஐட்டம்' என்ற ஹூக் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பத்து வரி பெரும்பாலும் இதுதான்.

யாருக்குத் தெரிய வேண்டும் என்பதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 'இஸ் அட்மின்' என்று வேர்ட்பிரஸில் ஒரு ஃபங்ஷன் உண்டு. பெயரைப் பார்த்தால், வந்திருப்பவர் அட்மினா என்று சொல்லும் போலத் தோன்றும். அது சொல்வது வேறு: இப்போது திறந்திருப்பது நிர்வாகப் பகுதியின் பக்கமா என்பதை மட்டும். கடையின் முகப்பில் பொருள் பக்கத்தைத் திறந்தால், அட்மினாகவே லாகின் செய்திருந்தாலும் இல்லை என்றுதான் பதில் வரும். நேர்மாறாக, பக்கத்தை மறுபடி ஏற்றாமல் பின்னணியில் தரவு கேட்கும் 'அட்மின் அஜாக்ஸ்' வழியாக வரும் கோரிக்கைகளுக்கு, லாகின் செய்யாத வழிப்போக்கரிடமிருந்து வந்தாலும் ஆம் என்று சொல்லும். அதாவது, காட்ட வேண்டிய இடத்தில் மறைக்கும், மறைக்க வேண்டிய இடத்தில் காட்டும். இந்தச் சோதனையை நம்பிப் போட்ட வரி திரையில் வராததைப் பார்த்து, சோதனையையே தூக்கிவிட்ட கடைகளும் உண்டு. வரி வந்துவிட்டது, ஊருக்கே.

கேட்க வேண்டியது 'கரண்ட் யூசர் கேன்' என்ற ஃபங்ஷனை. வந்திருப்பவருக்கு இந்த உரிமை இருக்கிறதா என்று அது சொல்லும். அதற்குள் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பதவிப் பெயரைப் போடுவதைவிட உரிமையின் பெயரைப் போடுவது நல்லது. வூகாமர்ஸ் தன் பங்குக்குச் சில உரிமைகளை உருவாக்கி வைத்திருக்கிறது. 'மேனேஜ் வூகாமர்ஸ்' என்பது கடையை நிர்வகிப்பதற்கு, 'வியூ வூகாமர்ஸ் ரிப்போர்ட்ஸ்' என்பது அறிக்கைகளைப் பார்ப்பதற்கு. அட்மினுக்கும் ஷாப் மேனேஜருக்கும் இரண்டுமே இருக்கும். நம் வரி காட்டப்போவது விற்பனைத் தகவல் என்பதால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். பேக்கிங் பார்ப்பவருக்கு ஆர்டர்களைத் திறக்கும் உரிமையை மட்டும் கொடுத்துத் தனி ரோல் ஒன்றை அமைத்தால், அவர் அனலிட்டிக்ஸையும் பார்க்க மாட்டார், நம் வரியையும் பார்க்க மாட்டார். ஒரே கதவுக்கு ஒரே பூட்டு. எல்லோரையும் ஷாப் மேனேஜராக்கி வைத்திருக்கும் கடைகளில் இந்தப் பேச்சை எடுத்தாலே வேறு பல சங்கதிகள் வெளியே வரும். அதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறேன்.

எண்ணைப் பக்கத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, ஸ்டைல் ஷீட்டில் ஒளித்து வைப்பது இன்னொரு குறுக்கு வழி. கண்ணுக்குத் தெரியாதே தவிர, பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் எண் அப்படியே இருக்கும். போட்டிக் கடைக்காரருக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? உரிமை இல்லாதவருக்கு அந்த எண் சர்வரைவிட்டே புறப்படக்கூடாது.

கேஷ் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கு அதையே கொடுப்பதுதான் கேஷின் வேலை. அட்மின் பார்த்த பக்கம் சேமிக்கப்பட்டு வாடிக்கையாளருக்குப் போனால் கதை முடிந்தது. பெரும்பாலான கேஷ் பிளகின்கள் லாகின் செய்தவர்களின் பக்கத்தைச் சேமிப்பதில்லை. ஆனால் சர்வரிலோ அதற்கு முன்னால் இருக்கும் சிடிஎன்னிலோ (பக்கங்களின் நகல்களைப் பல இடங்களில் வைத்து வழங்கும் சேவை) யாராவது தனியாக விதி எழுதி வைத்திருந்தால் இதற்கு உத்தரவாதம் இல்லை. வரியைச் சேர்த்ததும் ஒரு பிரவுசரில் அட்மினாகவும் இன்னொன்றில் லாகின் இல்லாமலும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்துவிடுங்கள். இது தவிர்க்கக்கூடிய சோதனை இல்லை.

இதையெல்லாம் கடந்த பிறகும், விலைக்குக் கீழே வரியைச் செருகுவது எனக்கு இப்போது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கடைக்காரர் பார்க்கும் பக்கமும் வாடிக்கையாளர் பார்க்கும் பக்கமும் வேறாகிவிடுகின்றன. பட்டன் ஒரு வரி கீழே இறங்கியிருக்கிறது என்று கடைக்காரர் புகார் சொல்வார், அது அவருக்கு மட்டும்தான் இறங்கியிருக்கும். மொத்தமாக வாங்க வந்தவருக்குத் தன் கம்ப்யூட்டரிலேயே பொருளைக் காட்டும்போது, 'விற்றது: 3' என்று விலைக்குக் கீழே பளிச்சென்று நிற்பதும் நல்லதில்லை. தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம்களில் பிளாக் தீம்கள் என்ற வகை வந்த பிறகு இன்னொரு தொல்லை சேர்ந்திருக்கிறது. அவற்றில் பொருள் பக்கம் பிளாக்குகளால் கட்டப்படுகிறது. பழைய ஹூக்குகள் ஓடுவதற்கு வூகாமர்ஸ் ஏற்பாடு செய்து வைத்திருந்தாலும், டெம்ப்ளேட்டை எப்படி மாற்றியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நம் வரி எதிர்பாராத இடத்தில் போய் நிற்கலாம்.

லாகின் செய்தவர்களுக்குத் திரையின் உச்சியில் தெரியும் கறுப்புப் பட்டையில் எண்ணைப் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. 'அட்மின் பார் மெனு' என்ற ஹூக்கில் ஒரு உருப்படியைச் சேர்த்தால் போதும். வாடிக்கையாளராக மட்டும் பதிந்தவர்களுக்கு வூகாமர்ஸ் அந்தப் பட்டையையே காட்டுவதில்லை. உரிமைச் சோதனையை அங்கேயும் கட்டாயம் எழுத வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் பக்கத்தின் அமைப்பு கலையாது, தீம் மாறினாலும் வரி போகாது, வேண்டாதபோது பட்டையை புரொஃபைலில் அணைத்துவிடலாம்.

எந்த எண்?

இனிதான் கனமான பகுதி. 'டோட்டல் சேல்ஸ்' என்று வூகாமர்ஸ் தரும் எண், பொருள் கடையில் ஏறிய நாளிலிருந்து இன்றுவரை எத்தனை போயிருக்கிறது என்ற எண்ணிக்கை. பணம் இல்லை, எண்ணிக்கை. ஆர்டர் எந்த நிலைக்கு வரும்போது அந்த எண் கூடுகிறது என்று பார்த்தால்தான் அதன் குணம் புரியும். 'கம்ப்ளீட்டட்', 'பிராசஸிங்', 'ஆன் ஹோல்டு' ஆகிய மூன்றில் எதற்கு முதலில் வந்தாலும் கூட்டிவிடும். ஒரு ஆர்டரை ஒரு முறைதான் கூட்டும், அதில் குழப்பமில்லை. ஆனால் ஆன் ஹோல்டு என்பது பணம் இன்னும் வந்து சேராத நிலை. வங்கிப் பரிமாற்றம், காசோலை ஆகியவற்றைத் தேர்ந்தவர்களின் ஆர்டர்கள் முதலில் அங்கேதான் நிற்கும். பொருள் வந்ததும் பணம் தருகிறேன் என்பவர்களின் ஆர்டரோ நேராக பிராசஸிங்கில் போய் நிற்கும். ஆக, ஒரு பைசா கைக்கு வராத விற்பனையும் இந்த எண்ணுக்குள் இருக்கும்.

இறங்குவது எப்போது? ஆர்டரை ரத்து செய்தாலோ குப்பைக்கு அனுப்பினாலோ இப்போதைய பதிப்புகளில் எண் இறங்கும். ரீஃபண்ட் செய்தால் இறங்காது. அளவு சரியில்லை என்று பாதிப் பேர் திருப்பி அனுப்பும் ஒரு சட்டை, திருப்பி அனுப்பப்படாத இன்னொரு சட்டையைப் போலவே நல்ல எண்ணோடு கம்பீரமாக நிற்கும். விலையை ஏற்றலாமா, இன்னும் வாங்கிப் போடலாமா என்று முடிவெடுக்க இதைக் காட்டினால், காட்டாமல் இருந்ததைவிட மோசம்.

இன்னும் சில குணங்கள். நிறம், அளவு என்று பிரிவுகள் உள்ள பொருளில் எண் தாய்ப் பொருளின் கணக்கில்தான் ஏறும். நீலம் எத்தனை, சிவப்பு எத்தனை என்று அதைக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒரு பொருளை டூப்ளிகேட் செய்து புதுப் பொருள் உருவாக்கினால் எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அது சரிதான். ஆனால் பழைய பொருளைத் தூக்கிவிட்டு அதன் நகலையே விற்கும் பழக்கமுள்ள கடைகளில், நன்றாக ஓடும் சரக்கு புத்தம் புதிதாகத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேல், அது ஆயுள் முழுமைக்குமான எண். பல வருடம் முன்னால் கொடிகட்டிப் பறந்து இன்று ஈயாடும் பொருளும், போன மாதம் ஏறி இன்று சூடாக ஓடும் பொருளும் ஒரே எண்ணைக் காட்டலாம். கடைக்காரருக்கு இதில் என்ன பயன்? 'கடந்த 30 நாளில்' என்று ஒரு வரம்பு வேண்டும். அப்படி வரம்பு வைத்துவிட்டால் டோட்டல் சேல்ஸ் நமக்கு உதவாது, ஆர்டர்களுக்குள் போய் எண்ண வேண்டும்.

இங்கேதான் பழைய நிரல்கள் காலை வாரும். முன்பெல்லாம் ஒவ்வொரு ஆர்டரும் வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தின் 'போஸ்ட்ஸ்' டேபிளில், வலைப்பதிவுக் கட்டுரைகளோடு கட்டுரையாகப் படுத்திருக்கும். நேராக அந்த டேபிளில் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) எழுதி எடுத்துக்கொள்வார்கள். 2023 அக்டோபரில் வந்த 8.2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கடைகளில் ஆர்டர்களுக்கென்றே தனி டேபிள்கள் இயல்பாக வந்துவிட்டன. ஹெச்பிஓஎஸ் (ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆர்டர் ஸ்டோரேஜ்) என்பார்கள். பழைய எஸ்க்யூஎல்லை அங்கே ஓட்டினால் பிழை என்று கத்தாது. அமைதியாகப் பூஜ்யம் என்று சொல்லும், அல்லது மாறிய நாளோடு நின்றுபோன எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். கத்தும் பிழையை அன்றே பிடித்துவிடலாம். இது மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் ஓடும்.

வூகாமர்ஸே கொடுத்திருக்கும் 'கெட் ஆர்டர்ஸ்' ஃபங்ஷன் வழியாகப் போனால் ஆர்டர்கள் எந்த டேபிளில் இருந்தாலும் கவலையில்லை. ஆனால் ஒரு பொருளின் 30 நாள் கணக்குக்காக அத்தனை ஆர்டர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருக்கும் வரிகளை எண்ணுவது பெரிய கடையில் பக்கத்தையே நிறுத்திவிடும். அனலிட்டிக்ஸ் தனக்காகக் கட்டி வைத்திருக்கும் 'ஆர்டர் புராடக்ட் லுக்கப்' என்ற டேபிள்தான் இதற்குச் சரியான இடம். ஒரு ஆர்டரில் ஒரு பொருளுக்கு ஒரு வரி. பொருள், அதன் பிரிவு, தேதி, எண்ணிக்கை, டாக்ஸும் டெலிவரி கட்டணமும் நீங்கிய நிகரத் தொகை எல்லாம் தனித்தனிப் பத்திகளாக இருக்கும். பொருள்வாரியாக ரீஃபண்ட் செய்திருந்தால் அது எதிர்மறை எண்ணாகத் தனி வரியில் இருக்கும், கூட்டினால் தானே கழிந்துவிடும். சிவப்பு நீலக் கேள்விக்கும் பதில் இங்கே உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். அந்த டேபிளில் ஆர்டரின் நிலை இருக்காது. 'ஆர்டர் ஸ்டாட்ஸ்' என்ற இன்னொரு டேபிளோடு சேர்த்து வடிகட்டினால்தான் ரத்தானதும் பணம் செலுத்தத் தவறியதும் விலகும். அனலிட்டிக்ஸ் இயல்பாக விலக்குவது பெண்டிங், ஃபெயில்டு, கேன்சல்டு ஆகியவற்றை. அதே மூன்றையும் நீங்களும் விலக்கினால் உங்கள் வரியும் அறிக்கையும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆன் ஹோல்டையும் விலக்கலாம் என்பது என் விருப்பம். விலக்கினால் அறிக்கையின் அமைப்பிலும் விலக்கிவிடுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு எண் காட்டும் கடையில் யாரும் எந்த எண்ணையும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது, இந்த டேபிள்கள் ஆர்டர் விழுந்த கணத்திலேயே நிரம்புவதில்லை. ஆக்‌ஷன் ஷெட்யூலர் என்ற பின்னணி வேலைக்காரர் அவற்றை வரிசையில் வைத்து நிரப்புகிறது. குறித்த நேரத்தில் வேலைகளைக் கிளப்பிவிடும் வேர்ட்பிரஸின் கிரான், யாராவது தளத்துக்கு வந்தால்தான் விழிக்கும் என்பதால், கூட்டமில்லாத கடையில் தாமதம் கூடும். வரிசை எங்காவது சிக்கிக்கொண்டால் எண் அப்படியே உறைந்துவிடும். கடைக்காரர் வியாபாரம் விழுந்துவிட்டது என்று தள்ளுபடி அறிவிக்கக் கிளம்புவார். விற்பனை எண் திடீரென்று சரிந்தால் முதலில் ஷெட்யூலர் பக்கத்தில் தேங்கி நிற்கும் வேலைகளைப் பாருங்கள், அப்புறம் சந்தையைப் பார்க்கலாம்.

நிர்வாகப் பகுதியின் பொருட்பட்டியலில் இதை ஒரு பத்தியாகச் சேர்ப்பதும் எளிதுதான். ஒரு ஃபில்டரில் பத்தியின் தலைப்பு, ஒரு ஹூக்கில் அதன் உள்ளடக்கம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தடவை தரவுத்தளத்துக்கு ஓடாமல், அந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாப் பொருட்களுக்கும் ஒரே கேள்வியில் கேட்டு வாங்கிவிட வேண்டும். டோட்டல் சேல்ஸ் பத்தியை வரிசைப்படுத்தும் வசதி கேட்டால், மெட்டா மதிப்பை (பொருளோடு ஒட்டிப் பதிந்திருக்கும் கூடுதல் விவரம்) எண்ணாக எடுத்துக்கொள்ளும்படி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அகராதி முறையில் வரிசைப்படுத்தி, அதிகம் விற்றதை மேலே கேட்கும்போது 100க்கும் மேலே 9 வந்து நிற்கும். அந்த மெட்டாவே பதியாத பொருட்கள் இருந்தால் வரிசைப்படுத்தும்போது பட்டியலிலிருந்தே காணாமல் போகும். பொருளைத் தொலைத்துவிட்டதாகப் பதற்றத்தோடு போன் வரும்.

டேஷ்போர்டில் ஒரு விட்ஜெட்? வேண்டாம் என்பேன். வூகாமர்ஸே அங்கே ஒன்று வைத்திருக்கிறது. இந்த மாத நிகர விற்பனை, அதிகம் விற்ற பொருள், காத்திருக்கும் ஆர்டர்கள், தீர்ந்துவரும் ஸ்டாக் எல்லாம் அதில் உண்டு. அதையே எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பூஜ்யத்தைப் படிப்பது

30 நாள் கணக்கைப் போட்டுக் கொடுத்த பிறகு கடைகளில் நான் கவனித்தது, எல்லோரும் முதலில் தேடுவது பெரிய எண்களை இல்லை, பூஜ்யங்களை. பூஜ்யம் பார்த்ததும் கை அரிக்கும். விலையைக் குறை, அல்லது தூக்கிவிடு. ஆனால் அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத காரணங்கள் இருக்கலாம். பொருள் இரண்டு நாள் முன்னால்தான் ஏறியிருக்கலாம். மாதம் முழுக்க ஸ்டாக் இல்லாமல் இருந்திருக்கலாம். யாரோ ஒருவர் கேட்டலாகில் தெரியாதபடி மறைத்து வைத்து மறந்திருக்கலாம். பிரிவுகளில் ஒன்றுக்குக்கூட விலை போடாததால் கார்ட்டில் சேர்க்கவே முடியாமல் இருந்திருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் உண்மையிலேயே யாருக்கும் வேண்டாததாகவும் இருக்கலாம். கடைசியானது மட்டும்தான் விலையைக் குறைக்க வேண்டிய பூஜ்யம். ஸ்டாக் இல்லாமல் பூஜ்யமானதை விலை குறைத்து மறுபடி ஏற்றினால், முழு விலைக்கே போகக்கூடியதைக் குறைத்து விற்கிறீர்கள்.

ஆகவே நான் எண்ணை ஒருபோதும் தனியாக விடுவதில்லை. பட்டையில் வரும் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: '30 நாளில் 14, திரும்பியது 2, கடைசியாக விற்றது 3 நாள் முன், ஸ்டாக் 6'. கடைசியாக விற்றது எப்போது என்பதை யாரும் கேட்பதில்லை, கொடுத்த பிறகு அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். விற்பனை 0 என்றிருந்து ஸ்டாக்கும் 0 என்றிருந்தால் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. பொருள் ஏறி 30 நாள் ஆகாவிட்டால் '30 நாளில்' என்பதற்குப் பதிலாக 'ஏறிய 2 நாளில்' என்று நிரலே மாற்றிக்கொள்ளும். இதற்கு ஒரு இஃப் போதும்.

எந்தத் தேதியை வைத்து எண்ணுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் உருவான தேதி, பணம் வந்த தேதி, முடிந்த தேதி என்று மூன்று உண்டு. அனலிட்டிக்ஸின் அமைப்பில் எது என்று தேர்ந்துகொள்ளலாம், நம் வரியும் அதையே பின்பற்றட்டும். நேர மண்டலத்தைத் தளத்தின் அமைப்பிலிருந்து எடுக்க வேண்டும். அதை மறந்தால் 'இன்று' என்பது நடு மத்தியானத்தில் தொடங்கும் கடைகள் உண்டு.

கணக்கிட்ட எண்ணை வேர்ட்பிரஸின் தற்காலிகச் சேமிப்பான டிரான்சியன்டில் ஒரு மணி நேரத்துக்குச் சேமித்து வைத்தால் பக்கம் வேகமாகத் திறக்கும். விற்பனை எண்ணை நொடிக்கு நொடி புதுப்பித்துக் காட்டச் சொல்பவர்களுக்கு நான் மறுப்புச் சொல்வதில்லை, கொஞ்ச நாள் தள்ளிப்போடுவேன். பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் மாறக்கூடிய முடிவு எதையும் இந்த வரியைப் பார்த்து எடுக்கப்போவதில்லை.

நிரலை எங்கே வைப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தனியாக ஒரு சின்ன பிளகின். தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் ஒட்டினால், தீம் அப்டேட் ஆகும் அன்றைக்கு எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். மூலத் தீமைத் தொடாமல் அதன் மேல் அமைக்கும் சைல்டு தீமில் போட்டால் அது தப்பும், ஆனால் தீமையே மாற்றினால் போச்சு. விற்பனைக் கணக்குக்கும் கடையின் தோற்றத்துக்கும் என்ன உறவு? ஒரே கோப்புள்ள பிளகின் போதும், மேலே பெயரும் விளக்கமும் எழுதினால் வேர்ட்பிரஸ் ஏற்றுக்கொள்ளும். அந்த விளக்கத்திலேயே இந்த எண் எதையெல்லாம் சேர்க்கிறது, எதையெல்லாம் விலக்குகிறது என்று இரண்டு வாக்கியம் எழுதி வையுங்கள். பின்னால் வரும் நிரலாளர் உங்களை வாழ்த்துவார், அது நீங்களாகவே இருந்தாலும்.

சிலர் அடுத்த கட்டமாக, இந்த எண்ணை வாடிக்கையாளருக்கும் காட்டச் சொல்வார்கள். 'ஆயிரம் பேர் வாங்கிவிட்டார்கள்' என்று போட்டால் விற்குமாம். நன்றாக ஓடும் பொருளுக்கு விற்கும், மற்ற தொண்ணூறு பொருளுக்கு அது எதிர் விளம்பரம். ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: எண்ணைக் காட்டாவிட்டாலும் வரிசை ஏற்கெனவே வெளியில்தான் இருக்கிறது. கடைப் பக்கத்தில் 'பிரபலமானவை முதலில்' என்று வரிசைப்படுத்தும் வசதி இயல்பாகவே உண்டு. அது அடுக்குவது டோட்டல் சேல்ஸை வைத்துத்தான். எது அதிகம் போகிறது, எது கடைசியில் கிடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் ரகசியமாக வேண்டும் என்பவர்கள் அந்தத் தேர்வை ஃபில்டரில் எடுத்துவிடுங்கள். முகவரியில் நேராகத் தட்டினாலும் வேலை செய்யாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் இந்த வேலை முடிந்ததும் வரும் அடுத்த கேள்வி ஒன்றேதான்: "லாபத்தையும் காட்ட முடியுமா?" முடியும், வாங்கிய விலை பதிவாகியிருந்தால். வூகாமர்ஸில் நீண்ட காலம் அதற்கு ஒரு கட்டமே இல்லாமல் இருந்தது. அண்மைப் பதிப்புகளில் வந்திருக்கிறது. ஆனால் பொருளுக்கு இன்று போடும் வாங்கிய விலை, போன வருடம் விற்றதற்குப் பொருந்தாது. அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் லாபம் என்று வருவது வெறும் கற்பனை. ஆகவே விலையைப் பதியத் தொடங்கிய நாளிலிருந்து விழும் ஆர்டர்களுக்கு மட்டும் லாபம் காட்டுவேன், அதற்கு முந்தையதற்கு ஒரு கோடு. முதல் மாதம் பத்தி முழுக்கக் கோடாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அங்கேயே ஆர்வம் இழந்துவிடுவார்கள். மீதிப் பேர் சரக்கு வாங்கிய பில்களைத் தேட ஆரம்பிப்பார்கள்.